ஃபெதர்ட் ஊர்விலக்கு, 1957: ஒரு கையெழுத்து பிளந்த கிராமம்

1957 ஏப்ரல் 27ஆம் தேதி, அயர்லாந்தின் தென்கிழக்கே வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தில், கடலோரம் இருக்கும் ஃபெதர்ட் என்ற சிற்றூரிலிருந்து ஷீலா க்ளோனி தன் இரண்டு பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று. முதலில் வடக்கே பெல்பாஸ்ட், பிறகு கடல் தாண்டி ஸ்காட்லாந்து, கடைசியில் அதற்கும் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகள் என்று அவர் பயணம் நீண்டது.

கணவர் ஷான் க்ளோனி அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஷீலா மனம் மாறி வேறு யாரோடும் போகவுமில்லை. ஷான் கத்தோலிக்கர், ஷீலா, புராட்டஸ்டண்ட் பிரிவான அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். மூத்த மகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்ற கேள்விதான் இதற்கெல்லாம் காரணம்.

இரண்டே வாரத்தில் ஃபெதர்ட் பங்கின் கத்தோலிக்கர்கள் ஊரிலிருந்த எல்லாப் புராட்டஸ்டண்ட் குடும்பங்களோடும் கொடுக்கல் வாங்கலை நிறுத்தினார்கள். அது கோடைக்காலம் முழுவதும் நீடித்தது. டப்ளின் நாடாளுமன்றத்தில் பிரதமர் வாய்திறக்க வேண்டிவந்தது. ஆயர்கள் பிரசங்கம் செய்தார்கள். எல்லைக்கு அப்பால், பிரிட்டனோடு இருந்த வட அயர்லாந்தில், புராட்டஸ்டண்டுகளின் சங்கமான ஆரஞ்சு அமைப்பினர் மேடை போட்டு முழங்கினார்கள். அயர்லாந்தின் மதப்பிளவு என்றதும் பெல்பாஸ்டின் குண்டுவெடிப்புகளும் டெர்ரியின் துப்பாக்கிச் சூடும் நினைவுக்கு வருகின்றன. ஒரு துளி ரத்தமும் சிந்தாத இந்தச் சிற்றூர்க் கதையில்தான் அந்தப் பிளவு எப்படி வேலை செய்தது என்பது தெளிவாகத் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். அண்டைவீட்டார் ஒருவரை ஒருவர் வெறுத்ததால் நேர்ந்தது அல்ல இது. வெறுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவுக்குக் கைகொடுத்தது ஒரு தாளில் இருந்த கையெழுத்து.

அந்தத் தாள்

ஷானும் ஷீலாவும் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள். ஷீலாவின் தந்தை மாட்டு வியாபாரி. ஷான், டங்கல்ஃப் கோட்டை என்று அழைக்கப்படும் பழைய கோபுர வீட்டில் வாழ்ந்த விவசாயி. 1949இல் லண்டனில் திருமணம் செய்துகொண்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அந்தத் திருமணத்தை ஏற்க வேண்டுமானால் ஷீலா ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்: பிறக்கும் பிள்ளைகள் அனைவரும் கத்தோலிக்கராகவே வளர்க்கப்படுவார்கள். அவர் கையெழுத்திட்டார். இருபத்து சொச்சம் வயதில், காதலித்தவரை மணப்பதற்காக, இன்னும் பிறக்காத பிள்ளைகளின் பேரில் எழுதிக்கொடுத்த வாக்கு அது.

அயர்லாந்தில் இதை ‘நே தெமெரே’ என்ற பெயரால் சொல்வார்கள். 1908இல் நடைமுறைக்கு வந்த போப்பாண்டவர் ஆணையின் தொடக்கச் சொற்கள் அவை. கத்தோலிக்கக் குருவின் முன்னால் நடக்காத கலப்பு மணம் செல்லாது என்றது அந்த ஆணை. குரு மணம் முடித்துவைக்க வேண்டுமானால் பிள்ளைகள் பற்றிய உறுதிமொழி தர வேண்டும் என்பது கண்டிப்பானது.

அதற்கு முன்பு அயர்லாந்தின் பல பகுதிகளில் மக்களே ஏற்படுத்திக்கொண்ட வேறொரு வழக்கம் இருந்தது. கலப்பு மணத்தில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் அப்பாவின் சபைக்கு, பெண்பிள்ளைகள் அம்மாவின் சபைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு வழியாகப் பிரிந்து போய், மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாகத் திரும்புவார்கள். முழுமையான நியாயம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் இரு தரப்பும் தலைகுனியாமல் சேர்ந்து வாழ வழி செய்தது. அந்த வழக்கம் நிலைத்திருந்தால் ஷீலாவின் மகள்கள் இருவரும் அவருடைய கோவிலுக்கே போயிருப்பார்கள். ஃபெதர்ட் என்ற ஊரின் பெயர் அயர்லாந்துக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

புராட்டஸ்டண்டுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பிற்பாடு சுதந்திர அயர்லாந்தான 26 மாவட்டங்களில் 1911இல் அவர்கள் மக்கள்தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. ஆங்கிலேய ராணுவமும் அதிகாரிகளும் வெளியேறியது, முதல் உலகப்போரின் இழப்பு, புலம்பெயர்வு ஆகிய எல்லாமே காரணம். ஆனால் கிராமத்தில் மிஞ்சியிருந்த குடும்பங்களின் கண்ணில் பட்டது வேறு: நம் பெண் ஒருத்தி கத்தோலிக்கப் பையனைக் கட்டினால், ஒரு தலைமுறை முழுவதும் நம் கோவிலின் வரிசைகளிலிருந்து காணாமல் போகிறது.

அரசும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. 1937இன் அரசியலமைப்பு, 44ஆம் பிரிவில், கத்தோலிக்கத் திருச்சபைக்கு ‘சிறப்பு இடம்’ உண்டு என்று எழுதியிருந்தது. 1950இல் டில்சன் வழக்கு வந்தது. புராட்டஸ்டண்ட் தந்தை, கத்தோலிக்கத் தாய். தந்தை அதே உறுதிமொழியைத் தந்திருந்தார். உறவு முறிந்தபின் மகன்களில் மூவரைப் புராட்டஸ்டண்ட் இல்லம் ஒன்றில் சேர்த்தார். பிள்ளைகளின் மதத்தில் தந்தை சொல்லே இறுதி என்ற பழைய சட்டக் கொள்கையை உச்ச நீதிமன்றம் தள்ளிவைத்து, திருமணத்துக்கு முன் தந்த வாக்கு கட்டுப்படுத்தும் என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி புராட்டஸ்டண்ட். அதாவது ஷீலாவின் மகள் பள்ளி வயதை எட்டிய நேரத்தில், அவர் கோவிலில் கொடுத்த வாக்கு நீதிமன்றத்திலும் செல்லுபடியாகும் சீட்டாகியிருந்தது.

பங்குக் குருக்கள் பெண்ணைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று நெருக்கினார்கள். தாயின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை என்பது அவருக்குத் தெளிவாக உணர்த்தப்பட்டது. ஷான் அவ்வளவு பிடிவாதம் காட்டியவர் அல்லர் என்பதுதான் இதில் வேதனை. கணவன் மனைவிக்குள் பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒன்று, வெளியிலிருந்து வந்த ஆணையால் தீர்க்க முடியாததாகியது.

மே 13 முதல்

ஷீலா போன சில நாட்களில் டெஸ்மண்ட் போல் என்ற பெல்பாஸ்ட் வழக்கறிஞர் ஷானின் வீட்டுக்கு வந்து நிபந்தனைகளைச் சொன்னார். பண்ணையை விற்க வேண்டும். கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடும்பத்தோடு போய்விட வேண்டும். பிள்ளைகளைப் புராட்டஸ்டண்டாக வளர்க்க வேண்டும். இந்த டெஸ்மண்ட் போல்தான் பின்னாளில், வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற ஐக்கியவாதக் கட்சியின் உறுப்பினராகி, 1971இல் இயன் பெய்ஸ்லி என்ற புராட்டஸ்டண்ட் போதகரோடு சேர்ந்து ஜனநாயக ஐக்கியவாதக் கட்சியைத் தொடங்கியவர். ஒரு வீட்டுச் சண்டைக்குள் வடக்கின் அரசியல் நுழைந்தது இந்த வருகையோடுதான்.

உள்ளூர்ப் புராட்டஸ்டண்டுகள்தான் பணம் கொடுத்து ஷீலாவைத் தப்பவைத்தார்கள் என்று பேச்சு பரவியது. பங்குத்தந்தை வில்லியம் ஸ்டாஃபோர்டும் உதவிக் குரு லாரன்ஸ் ஆலனும் விலக்குக்குத் துணைநின்றார்கள். பிள்ளைகள் திரும்பும்வரை ஊர்விலக்கு என்று கோவிலில் அறிவிப்பு ஆனது. மே 13ஆம் தேதி அது தொடங்கியது.

ஊர்விலக்கு என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஃபெதர்ட்டில் அது இப்படி இருந்தது. புராட்டஸ்டண்டுகள் நடத்திய இரண்டு கடைகளிலும் வாடிக்கையாளர் வருவது நின்றது. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புராட்டஸ்டண்டுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த கத்தோலிக்க ஆசிரியர் வேலையை விட்டார், பள்ளி மூடிக்கிடந்தது. இசை கற்பித்த ஒரு பெண்மணிக்கு 12 மாணவர்கள் இருந்தார்கள். 11 பேர் நின்றுவிட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டாவது மாணவரைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். கத்தோலிக்கப் பிள்ளையா, புராட்டஸ்டண்டுப் பிள்ளையா என்று எனக்குத் தெரியாது. வாரம் தவறாமல் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பிள்ளை. அந்த ஆசிரியை ஷீலாவுக்குச் செய்த உதவி என்ன? ஒன்றுமில்லை. கடைக்காரர்களுக்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பு இருந்ததற்குச் சான்று எதுவுமில்லை. ஷீலாவோடு ஒரே கோவிலில் உட்கார்ந்து ஜெபித்தார்கள் என்பது மட்டுமே அவர்கள்மேல் இருந்த குற்றம்.

ஆங்கிலத்தில் புறக்கணிப்புக்கு வழங்கும் ‘பாய்காட்’ என்ற சொல்லே அயர்லாந்தில் பிறந்தது. 1880இல் மேயோ மாவட்டத்தில், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்த சார்லஸ் பாய்காட் என்பவரை, குத்தகை விவசாயிகள் ஒன்றுகூடி விலக்கிவைத்தார்கள். ஆள் கிடைக்காமல் பயிர் வயலில் நின்றபோது, வடக்கு மாகாணமான உல்ஸ்டரிலிருந்து சுமார் 50 ஆரஞ்சு அமைப்பினர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்கள். நிலமில்லாதவன் நிலவுடைமைக்கு எதிராக, துப்பாக்கி எடுக்காமல் கண்டெடுத்த ஆயுதம் அது. அதே ஆயுதம் 77 ஆண்டுகள் கழித்து, பெரும்பான்மையின் கையில், இரண்டு கடைகளுக்கும் ஓர் இசை ஆசிரியைக்கும் எதிராகத் தூக்கப்பட்டது. பலமற்றவர் பலவானை விலக்குவதும், ஊரே சேர்ந்து சிறுபான்மையை விலக்குவதும் ஒன்றல்ல. அன்று விலக்கை நடத்தியவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுத்தார்கள்.

எல்லோரும் பணியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷான் க்ளோனியே விலக்கை எதிர்த்தார். யாருக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ அவரே, இது வேண்டாம், இதனால் என் மனைவி திரும்புவது இன்னும் கடினமாகும் என்ற பக்கம் நின்றார். சுதந்திரப் போரில் ஆங்கிலேயரோடு சண்டையிட்ட பழைய ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்துக் குடியரசுப் படை) வீரர்கள் சிலரும் விலக்கில் சேர மறுத்தார்கள். அவர்கள் படித்த குடியரசுவாதம் வுல்ஃப் டோன் என்ற புராட்டஸ்டண்டிடமிருந்து வந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பெயர்களுக்குப் பதில் ஐரிஷ்காரர் என்ற பொதுப்பெயர் வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் சொன்னவர் டோன். குருவின் சொல்லைவிட அந்தச் சொல் அவர்களுக்குப் பெரியதாக இருந்தது.

ஊரின் நினைவும் கனமானது. ஃபெதர்ட்டுக்குப் பக்கத்தில் பேகின்பன் முனையில்தான் 1170இல் நார்மன் படை ஒன்று கரையிறங்கியது. 1798 கிளர்ச்சியின்போது அதே தெற்கு வெக்ஸ்ஃபர்டில் ஸ்கல்லபோக் என்ற இடத்தில், கிளர்ச்சியாளர்கள் ஒரு களஞ்சியத்துக்குத் தீ வைத்ததில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். அந்தக் கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது கொன்று குவிக்கப்பட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு, பெரும்பாலோர் கத்தோலிக்கர். இரு தரப்புக்கும் தாத்தா பாட்டி சொன்ன கதைகள் இருந்தன. ஆனாலும் 1957 ஏப்ரல்வரை அந்தக் கதைகளை வைத்துக்கொண்டே ஒரே கடையில் சாமான் வாங்கினார்கள். பழைய பகை மட்டும் விலக்கைக் கொண்டுவந்திருக்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

மேடைகள்

1957 அயர்லாந்தில் சாதாரண ஆண்டு அல்ல. முந்தைய டிசம்பரில் ஐ.ஆர்.ஏ. எல்லைத் தாக்குதல்களைத் தொடங்கியிருந்தது. புத்தாண்டு நாளில் புரூக்பரோ காவல்நிலையத் தாக்குதலில் ஷான் சவுத், ஃபெர்கல் ஓ’ஹேன்லன் என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். லிமெரிக்கில் சவுத்தின் இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் திரண்டது. மார்ச்சில் டி வலேரா மீண்டும் பிரதமரானார். வடக்கோடு தெற்கை இணைப்பதே அவருடைய வாழ்நாள் பேச்சு. அங்கே வாழும் பெரும்பான்மைப் புராட்டஸ்டண்டுகளை, உங்களுக்கு எங்கள் நாட்டில் பயமில்லை என்று நம்பவைக்க வேண்டிய நேரத்தில், தெற்கின் ஒரு கிராமம் புராட்டஸ்டண்டுகளை ஒதுக்கிவைத்திருந்தது.

ஐக்கியவாதிகளுக்கு இது கைமேல் கிடைத்த பழம். ‘சுயாட்சி என்றால் ரோமாபுரியின் ஆட்சி’, அதாவது போப்பின் ஆட்சி, என்று அரை நூற்றாண்டாக அவர்கள் சொல்லிவந்தார்கள். 1910இல் பெல்பாஸ்டில் மக்கேன் என்ற தம்பதியர் விஷயத்தில், நே தெமெரே காரணமாகக் கத்தோலிக்கக் கணவர் பிள்ளைகளோடு மனைவியை விட்டுப் போனதை அவர்கள் ஊர் ஊராகச் சொல்லி சுயாட்சிக்கு எதிராக ஆதரவு திரட்டியிருந்தார்கள். இப்போது ஆரஞ்சு அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் ஜூலை 12 ஊர்வலங்களின் மேடைகளில் ஃபெதர்ட் பெயர் ஒலித்தது. கடைக்காரர்களுக்கு வடக்கிலிருந்து பணம் வந்தது. அந்த அக்கறையை நான் முழுதாக நம்பவில்லை. தங்கள் ஆட்சியின் கீழ் கத்தோலிக்கருக்கு வீடு ஒதுக்குவதிலும் வேலை கொடுப்பதிலும் தொகுதி எல்லை வகுப்பதிலும் நடந்த அநீதிகளைப் பற்றி இதே மேடைகள் பேசியதில்லை. தங்களுடையது புராட்டஸ்டண்ட் நாடாளுமன்றம், புராட்டஸ்டண்ட் அரசு என்று 1934இல் சபையிலேயே பெருமையோடு சொன்னவர் அவர்களின் பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க். ஆயினும் அவர்கள் நீட்டிய விரல் ஃபெதர்ட்டில் உண்மையையே சுட்டியது.

ஜூன் 30ஆம் தேதி வெக்ஸ்ஃபர்ட் நகரில் கால்வே ஆயர் மைக்கேல் பிரவுன், கர்தினால் டால்டன் முன்னிலையில் பிரசங்கம் செய்தார். கத்தோலிக்கப் பிள்ளைகளை ஆசைகாட்டியும் கடத்தியும் கொண்டுபோகத் திட்டமிட்ட முயற்சி நடப்பதாகச் சொன்னார். விலக்கை அமைதியான, மிதமான எதிர்ப்பு என்று வருணித்தார். மிதமான எதிர்ப்பு என்ற அந்தச் சொல்லை இசை ஆசிரியையின் காலி நாற்காலிகளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். பெற்ற தாய் தன் மகள்களை அழைத்துப்போனதற்குக் கடத்தல் என்று பெயர் வைத்த வாய் அது.

நான்கு நாள் கழித்து, ஜூலை 4ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் நோயல் பிரவுன் கேள்வி எழுப்பினார். 1951இல் தாய் சேய் நல மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவர முயன்று, ஆயர்களின் எதிர்ப்பால் அமைச்சர் பதவியை இழந்தவர் இவர். டி வலேரா எழுந்து, விலக்கு தவறாகக் கருதப்பட்டது, சிந்திக்காமல் செய்யப்பட்டது, நோக்கத்தை நிறைவேற்றப் பயனற்றது என்றார். குற்றமற்றவர்களையும் குற்றவாளிகளையும் ஒன்றாக்குவது அநியாயம், கொடுமை என்றார். ஆயர் ஒருவர் பொதுமேடையில் ஆதரித்ததை அதே வாரத்தில் ஒரு கத்தோலிக்கப் பிரதமர் கண்டித்தது அந்த நாட்டில் சிறிய விஷயமல்ல. அதற்கான மரியாதையை அவருக்குத் தரத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பேச்சுக்கு இன்னொரு பாதி உண்டு, அதைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. ஷீலாவிடம் செல்வாக்கு உள்ளவர்கள், அவர் கொடுத்த வாக்கை மதித்துப் பிள்ளைகளோடு கணவரிடம் திரும்பும்படி வலியுறுத்த வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அண்டைவீட்டாரைத் தண்டித்தது தவறு. தாளில் இட்ட கையெழுத்து சரி. குற்றமற்றவர்கள் என்று அவர் சொன்னது கடைக்காரர்களை. குற்றவாளிகளின் பக்கத்தில் யாரை வைத்தார் என்று கேட்டால் ஷீலாதான் மிஞ்சுகிறார். கலப்பு மணத்தில் ஒரு தரப்பிடம் மட்டும் எழுதி வாங்கும் முறையைப் பற்றி அந்த அவையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நோயைத் தொடாமல் அறிகுறியைக் கண்டித்த பேச்சு என்றே அதைக் கருதுகிறேன்.

விலக்கு முடிந்த விதம்

அரசு ஆணையோ நீதிமன்றத் தீர்ப்போ அதை முடித்துவைக்கவில்லை. இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள், அதே உதவிக் குரு லாரன்ஸ் ஆலன் புராட்டஸ்டண்டுக் கடை ஒன்றுக்குள் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினார். ஊருக்கு அந்த அறிகுறி போதும். மெல்ல மெல்ல ஆட்கள் கடைக்குத் திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை.

அந்த வெக்ஸ்ஃபர்ட் கடையின் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்ற குருவை மனக்கண்ணில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு பாக்கெட் சிகரெட்டில் முடியக்கூடியது மே மாதத்திலேயே முடிந்திருக்கலாம். நூற்றாண்டுப் பகை, மக்களின் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்றெல்லாம் சொல்லப்பட்டது. பகை அத்தனை ஆழமாக ஊறியிருந்தால் ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் வடிந்திருக்காது. மக்கள் காத்திருந்தது அனுமதிக்குத்தான்.

அந்த அனுமதி தரும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது அதே ஊருக்குப் பின்னர் வேறு விதத்தில் புரிந்தது. 1980களில் ஃபெதர்ட் பங்குக்கு வந்த ஒரு குருவின் நடத்தை பற்றி ஷான் க்ளோனி தனி ஆளாகத் தகவல் திரட்டினார். சிறுவர்கள்மீது நடந்த பாலியல் கொடுமைகள் பிறகு வெளிவந்தன. ஃபெதர்ட் அடங்கிய ஃபெர்ன்ஸ் மறைமாவட்டத்தை விசாரித்து 2005இல் வெளியான ஃபெர்ன்ஸ் அறிக்கை, 21 குருக்கள்மீது நூற்றுக்கும் மேற்பட்ட புகார்களைப் பதிவுசெய்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தன் பெயரால் நடந்த விலக்கை எதிர்த்து நின்ற மனிதர்தான் இங்கும் முதலில் சந்தேகப்பட்டார்.

சட்டங்கள் மாறின. 1970இல் போப் ஆறாம் பவுல் கலப்பு மண விதிகளைத் தளர்த்தினார். உறுதிமொழி இப்போது கத்தோலிக்கத் தரப்பிடம் மட்டுமே, தன்னால் இயன்றதைச் செய்வேன் என்ற அளவில் கேட்கப்படுகிறது. தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் கலப்பு மணத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் கையெழுத்திடுவதும் இந்தத் திருத்தப்பட்ட வாக்கில்தான். 1972இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ‘சிறப்பு இடம்’ அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1998இல் ஃபெர்ன்ஸ் ஆயர் பிரெண்டன் காமிஸ்கி விலக்குக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீட்டுக்குள்

ஷீலா எங்கே இருக்கிறார் என்று தெரிந்ததும் ஷான் ஆர்க்னிக்குப் போனார். குடும்பம் அங்கே ஒன்றுசேர்ந்தது. பண்ணையை விற்கவில்லை, ஆஸ்திரேலியாவுக்கும் போகவில்லை. அவர்களுக்காகச் சண்டையிட்ட இரு தரப்பின் நிபந்தனையையும் ஏற்காமல், ஃபெதர்ட்டுக்கே, டங்கல்ஃப் கோட்டைக்கே திரும்பினார்கள். ஷான் 1999இலும் ஷீலா 2009இலும் மறையும்வரை அதுதான் அவர்கள் வீடு.

மூத்த மகளின் பள்ளிக்கூடம் பற்றிய கேள்வியில்தான் இத்தனையும் தொடங்கியது. ஊரில் கத்தோலிக்கப் பள்ளியும் இருந்தது, புராட்டஸ்டண்டுப் பள்ளியும் இருந்தது. அந்தப் பெண்களை அவர்கள் இரண்டுக்கும் அனுப்பவில்லை. வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.